குளம் காணாத வாத்து

1808 ஜனவரி 14. இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில், எய்ல்ஸ்பரி ஊர் ஏழை ஒருவரின் வீடு. வீடு என்றால் மொத்தமே ஓர் அறைதான். ஒரு மூலையில் நான்கு வார வாத்துக் குஞ்சுகள் பதினேழு, பதினெட்டு. இன்னொரு மூலையில் இரண்டு வாரக் குஞ்சுகள். மூன்றாவதில் ஒரு வாரக் குஞ்சுகள். மிச்ச இடம் மனிதர்களுக்கு. அப்பகுதியின் வேளாண்மையை ஆராய்ந்து எழுதிய செயின்ட் ஜான் பிரீஸ்ட் என்ற பாதிரியார் பதிவு செய்த காட்சி இது.

அந்த வாத்துக்குப் பெயரே எய்ல்ஸ்பரிதான். பால்வெள்ளை இறகு, வெளிர் ரோஜா நிற அலகு, தரையை உரசும் அடிநெஞ்சு. மெத்தை, தலையணைக்கு வெள்ளை இறகையே கேட்டார்கள். அதனால் வெள்ளை வாத்தையே பெருக்கினார்கள்.

அதன் பயணம் சுற்றுவட்டாரக் கிராமத்தில் தொடங்கும். முட்டையிடும் வாத்துகள் குளமும் ஓடையுமாக அங்கேதான் வாழும். ஊரில் குஞ்சு வளர்ப்பவர்கள் முட்டையை விலைக்கு வாங்கி வருவார்கள். அடைகாக்க வாத்தை நம்ப மாட்டார்கள். கோழிக்கு அடியில்தான் வைப்பார்கள். 28 நாள் கணக்கு. கடைசி வாரத்தில் முட்டைமேல் வெதுவெதுப்பான தண்ணீர் தெளிப்பது வழக்கம்; ஓடு இளகி, குஞ்சு எளிதாக வெளிவர வேண்டுமே!

பிறந்த குஞ்சுக்கு ராஜ உபசாரம். அவித்த முட்டையைப் பொடியாக நறுக்கி, குழைந்த சோற்றில் பிசைந்து கொடுப்பார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் பார்லி மாவு. நீந்தினால் உடம்பு வைக்காது என்று குளத்துப் பக்கமே விடுவதில்லை. எட்டாவது வாரத்தில், முதல் இறகு உதிர்வதற்கு முன், கதை முடிந்துவிடும்.

ரயில் வராத காலத்தில் லண்டன் இறைச்சிச் சந்தைக்கு உயிரோடு நடத்தியே ஓட்டிச் செல்வதும் உண்டு. சுமார் 64 கிலோமீட்டர். பாதம் தேயாமலிருக்க வாத்துகளை முதலில் தாரிலும் பிறகு மரத்தூளிலும் நடக்க விடுவார்கள். அதுவே செருப்பு. 1839இல் எய்ல்ஸ்பரிக்கு ரயில் வந்தது. அதன்பின் வாத்தை வீட்டிலேயே அறுத்து, இறகு பறித்து, கூடையில் அடுக்கி அனுப்பினார்கள். வசந்த காலத்தில் ஒரே இரவில் ஒரு டன் இறைச்சி லண்டனுக்குப் போனதுண்டு.

1870களில் சீனாவிலிருந்து பீகிங் வாத்து வந்தது. நோய் தாங்கும், நிறைய முட்டையிடும், வளர்ப்புச் செலவும் குறைவு. பண்ணைக்காரர்கள் இரண்டையும் கலந்தார்கள். தலைமுறை தலைமுறையாக வாத்து வளர்த்து எய்ல்ஸ்பரியின் மண்ணும் கெட்டிருந்தது. சுகாதாரச் சட்டங்கள் வந்ததும் வீட்டுக்குள் வளர்ப்பது ஒழிந்தது. இரண்டு உலகப் போர்களில் தீவன விலை ஏறியது மிச்சத்தையும் முடித்தது. 1960களில் எய்ல்ஸ்பரியில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வாத்துப் பண்ணைகூட இல்லை.

வாத்து போனாலும் பெயர் போகவில்லை. அந்த ஊர்க் கால்பந்து அணிக்கு இன்றும் ‘வாத்துகள்’ என்றே செல்லப்பெயர். அசல் இனமோ ஆர்வலர்கள் சிலரின் கையில் அரிதாக நிற்கிறது. எங்காவது வெள்ளை வாத்தைக் காட்டி எய்ல்ஸ்பரி என்றால் உடனே நம்ப வேண்டாம், அலகைப் பாருங்கள். ஆரஞ்சாக இருந்தால் அது எய்ல்ஸ்பரி இல்லை.