காசியை விடுத்து மகஹருக்கு

திருவாரூரிற் பிறத்தல், காசியில் இறத்தல், தில்லையைத் தரிசித்தல், அண்ணாமலையை நினைத்தல் ஆகிய நான்கும் முக்தி தரும் என்பது தமிழ்நாட்டில் வழங்கும் தொன்மொழி. இவற்றுள் பிறப்பு நம் வசத்தில் இல்லை. இறப்போ, இடத்தைப் பொறுத்த வரையிலேனும், ஓரளவு நம் வசத்தில் இருப்பதாக மக்கள் கருதினர். அதனாலேயே முதியோர் பலர் தம் இறுதி நாட்களைக் கங்கைக் கரையிற் கழிக்க விரும்பிக் காசியை நாடினர். அத்தகையோர் தங்குவதற்கென்றே இன்றும் அந்நகரில் இல்லங்கள் உள்ளன. ஆயினும், காசியிலேயே நெடுநாள் வாழ்ந்து, அங்கேயே இறக்கும் பேறு எளிதில் வாய்த்திருந்தும், இறுதிக் காலத்தில் அதனைத் துறந்து வெளியேறினார் ஒரு நெசவாளர். அவரே கபீர்தாசர். அவர் அவ்வாறு செய்ததன் கருத்து யாது என்பதே இங்கு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

கபீர் பதினைந்தாம் நூற்றாண்டினர். இஸ்லாத்தைத் தழுவிய ஜுலாஹா என்னும் நெசவாளர் மரபில் வளர்ந்தவர். தறியே அவர் தொழில். பாவும் ஊடையும் அவர் பாடல்களில் மீண்டும் மீண்டும் வருவதற்கு அதுவே காரணம். அவர் மறைந்த ஆண்டு 1518 என்பது மரபு. 1448 எனக் கொள்ளும் ஆராய்ச்சியாளரும் உளர். அவர் வரலாற்றில் கதையும் உண்மையும் கலந்தே கிடக்கின்றன. எனினும் அவர் மகஹர் சென்ற செய்திக்குப் பழைய சான்று உண்டு. 1604இல் குரு அர்ஜுனர் தொகுத்த சீக்கியர் திருமறையில், குருமார் அல்லாத அடியார்களுள் கபீரின் பாடல்களே மிகுதி. அவற்றுள் ஒன்று, வாழ்நாளைச் சிவபுரியாகிய காசியிற் செலவிட்டு, இறக்கும் தறுவாயில் மகஹருக்கு எழுந்து வந்ததைக் கபீரே கூறுவதாக அமைந்துள்ளது.

மகஹர் என்பது கோரக்பூருக்கு மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், ஆமி என்னும் சிற்றாற்றின் கரையில் உள்ள ஊர். இன்று அது இருக்கும் மாவட்டத்திற்கு, 1997இல் அது அமைக்கப்பட்டபோது, சந்த் கபீர் நகர் என்றே பெயரிட்டனர். ஆனால் அக்காலத்தில் அவ்வூருக்கு இருந்த பெயர் வேறு. மகஹரில் இறந்தவன் மறுபிறவியிற் கழுதையாய்ப் பிறப்பான் என்று மக்கள் நம்பினர். காசியில் உயிர் நீத்தவனுக்கோ மறுபிறவியே இல்லை. ஓர் ஊர் பிறவியை அறுக்கும். மற்றோர் ஊர் இழிபிறவியில் தள்ளும். இவ்விரு நம்பிக்கைகளுக்கும் இடையேதான் கபீர் நடந்து சென்றார்.

காசியைப் பற்றிய நம்பிக்கையை வெறும் பாமரர் கூற்றென்று நாம் ஒதுக்கிவிடலாகாது. ஞானமின்றி முக்தியில்லை என்பது சாஸ்திரத்தின் துணிபு. அங்ஙனமாயின், காசியில் இறந்த மாத்திரத்தில் முக்தி எவ்வாறு கிட்டும்? இறப்பவன் செவியில் சிவபெருமானே தாரக மந்திரத்தை உபதேசிக்கின்றான். அவ்வுபதேசத்தால் ஞானமும், ஞானத்தால் வீடும் உண்டாகின்றன என்பது காசிவாசிகள் கூறும் விடை. இடம் முக்தி தருவதில்லை. அவ்விடத்திற் கிட்டும் ஞானமே தருகிறது என்பது இதன் உட்பொருள். இது நுட்பமான விடையே.

கபீர் மறுத்தது ஞானத்தை அன்று. அதனைக் கடைசி மூச்சு வரை ஒத்திவைப்பதையே மறுத்தார். இறுதியில் எப்படியும் உபதேசம் கிட்டும் என்று நம்பியிருப்பவன், வாழும் நாட்களில் பொய்யும் வஞ்சமும் செய்யத் தயங்குவானா? அன்றியும், காசி மண்ணே முக்தி தருமாயின் இறைவனுக்கு நாம் பட்ட கடன்தான் என்ன என்றும் அவர் வினவினார். உயிரோடிருக்கும்போதே 'நான்' என்னும் முனைப்பு மாய வேண்டும். அவ்வாறு மாய்ந்தவனுக்குக் காசியும் மகஹரும் ஒன்றே என்பது அவர் கொள்கை. பிறர் இதனைச் சொல்லால் நிலைநாட்டுவர்; கபீரோ தம் சாவையே சான்றாக வைத்தார்.

இதனால் அவர் மறுபிறவிக் கொள்கையையே மறுத்தார் என்று கொள்ளுதல் பொருந்தாது. 84 லட்சம் யோனி பேதங்களில் உயிர் உழல்வதைப் பற்றி அவரும் பேசுகின்றார். அவ்வச்சத்திற்கு மருந்து வெளியே இருப்பதாக எண்ணுவதையே அவர் கடிந்தார். கோயிலென்றும் மசூதியென்றும் அவர் வேறுபாடு பார்க்கவில்லை; இரண்டிலும் வெளிவேடத்தைக் கண்டபோது ஒரே கடுமையுடன் கண்டித்தார்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எம்மனோர்க்கு அவர் ஆண்ட சொற்களுள் ஒன்று தனிச்சுவை உடையதாகத் தோன்றுகிறது. அது 'சகஜ' என்பது. நம் பேச்சு வழக்கில் 'இதெல்லாம் சகஜம்' என்கிறோம். எங்கும் நடப்பது என்பதே அங்குப் பொருள். அச்சொல்லின் நேர்ப்பொருளோ 'உடன் பிறந்தது' என்பதாகும். உள்ளத்தின் மெய்ந்நிலை புதிதாகத் தேடிப் பெறுவதன்று. நம்முடன் பிறந்து, நம்மால் மறக்கப்பட்டது என்பது கபீரின் கருத்து. எத்தனை பிறவி எடுப்பினும் உடன் வருவதனை எந்த ஊரிற் சென்று தேடுவது?

கபீர் மறைந்தபின், உடலை எரிப்பதா புதைப்பதா என்று இந்து சீடரும் முஸ்லிம் சீடரும் பூசலிட்டனர் என்றும், போர்வையை நீக்கியபோது மலர்களே இருந்தன என்றும் கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், மகஹரில் இந்துக்கள் வணங்கும் சமாதியும் முஸ்லிம்கள் வணங்கும் மஸாரும் அருகருகே நிற்பதை இன்றும் காணலாம். காசியும் அவரை மறக்கவில்லை. கபீர் சௌராவில் உள்ள மடம் அவர் நினைவைப் போற்றி வருகிறது.

பிழைப்பின் பொருட்டு டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியேறிய தமிழர் குடும்பங்களில், முதுமை நெருங்குங்கால் ஒரு கவலை எழுவதுண்டு. பிறந்த மண்ணில் கண் மூடவில்லையே, காவிரியோ பொருநையோ அருகில் இல்லையே என்பது அது. அவ்வேக்கம் அன்பினின்று பிறப்பது. அதனை யாரும் இகழார். ஆயினும் வேற்றூரில் இறத்தலால் உயிருக்குக் குறை நேரும் என்று அஞ்சுவோர், மகஹருக்குத் தாமே நடந்து சென்ற அந்நெசவாளரை எண்ணிப் பார்ப்பாராக. நம் முன்னோரும் பிறத்தற்கும் இறத்தற்கும் தரிசித்தற்கும் ஊர்களைச் சொன்ன பின், நான்காவதாக நினைத்தலைச் சொல்லி வைத்தனர். நினைப்பதற்கு எவ்வூரும் தடையன்று. அதற்கு இறுதி நாள் வரை காத்திருத்தலும் வேண்டா.