பூசணிக்குள் ஏறிய ஊர்

பழனியில் தெற்கே திரும்பி நின்றால் மலைதான். கோயில் இருக்கும் குன்றைச் சொல்லவில்லை; அதற்கு அப்பால் கொடைக்கானல் வரை அடுக்கடுக்காக ஏறும் பழனி மலைத்தொடரைச் சொல்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலை கிழக்கே நீட்டிய கை அது. ஐப்பசியில் அங்கே கருக்கல் கட்டினால், சண்முகநதியில் தண்ணீர் வருமா என்று பெரியவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அப்படி ஒரு மழை இரவில், மின்சாரம் போய்விட்ட நேரம், டார்ச் வெளிச்சத்தில் என் பேத்திக்கு ஒரு படப்புத்தகத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். "தாத்தா, தண்ணி நம்ம வீட்டுக்கும் வருமா?" என்றாள். அந்தக் கேள்விக்காகவே பிறந்த கதை அது.

புத்தகத்தின் பெயர் 'பாட்டன்ஸ் பம்ப்கின்'. ஆங்கில எழுத்தில் இருக்கும் நாயகனின் பெயரை என் நாக்கு 'பாட்டன்' என்றுதான் வாசிக்கிறது. சஹ்யாத்ரி என்னும் அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அவரும் மனைவி கன்னியும் வாழ்கிறார்கள். வாடிக்கிடந்த மஞ்சள் பூக்கொடி ஒன்றைப் பாட்டன் கொண்டுவந்து நட்டு வளர்க்கிறார். காய்த்த பூசணி வளர்ந்துகொண்டே போகிறது, யானையையும் மிஞ்சுகிறது. பிறகு விடாத மழை. வெள்ளம் ஏறுமுன் பாட்டன் பூசணியைக் குடைகிறார். தானியமும் விதையும் உயிர்களும் உள்ளே ஏறுகின்றன. பூசணி மிதந்து எல்லோரையும் கரைசேர்க்கிறது.

இதை முதலில் சொன்னவர்கள் இருளர்கள். நீலகிரிச் சரிவிலும் கோவை மலையோரத்திலும் அட்டப்பாடியிலும் வாழும் பழங்குடிகள். தமிழுக்கு நெருங்கிய மொழி பேசுபவர்கள். ஊழி வெள்ளக் கதை உலகெங்கும் உண்டு. விவிலியத்தில் நோவா பேழை செய்கிறார். சதபத பிராமணத்தில் மனுவின் படகை மீன் இழுக்கிறது. தென்சீனத்திலும் லாவோசிலும் மலைமக்கள் சுரைக்காய்க்குள் இருந்து பிழைத்தவர்களைப் பற்றிச் சொல்கிறார்கள். கடற்கரைக்காரர்களுக்குக் கப்பல் தோன்றும். மலைக்காரர்களுக்குக் கொல்லையில் காய்த்தது தோன்றுகிறது.

காய் ஆளைத் தாங்கி மிதப்பது வெறும் கற்பனையும் இல்லை. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் நீச்சல் பழகிய பிள்ளைகளின் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைத்தான் கட்டிவிட்டார்கள். உள்ளே காற்று, வெளியே கெட்டி ஓடு, முங்க விடாது. இன்று கொங்கு நாட்டார் அரசாணிக்காய் என்று சொல்லும் மஞ்சள் பூசணி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 'பரங்கிக்காய்' என்ற இன்னொரு பெயரே அதைக் காட்டிக்கொடுக்கும். சுரைக்காயோ நம் மண்ணில் மிகப் பழையது. ஆதியில் பாட்டன் குடைந்தது சுரைக்காயாகவே இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

வாயிலிருந்து வாய்க்கு வந்த கதை 2016இல் புத்தகமானது. எழுதியவர் சித்ரா சௌந்தர். இந்தியாவில் பிறந்து, பாட்டிமாரிடம் கதை கேட்டு வளர்ந்து, லண்டனில் வாழ்பவர். வரைந்தவர் ஃப்ரானே லெசாக். அமெரிக்காவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறியவர். கரீபியத் தீவு ஒன்றைப் பளிச்சென்ற நாட்டுப்புற வண்ணங்களில் வரைந்து பெயர் பெற்ற கை அது. பிரிட்டனின் ஆட்டர்-பேரி புக்ஸ் வெளியிட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் வந்தது. மலையடிவாரத்துக் கதை மூன்று கண்டங்களைச் சுற்றிவிட்டு என் மடிக்கு வந்திருக்கிறது.

வீரம் என்றதும் வாளையும் புலியையும் காட்டியே குழந்தைகளை வளர்த்துவிட்டோம். பாட்டன் யாரையும் வெல்லவில்லை. மழை பிடித்ததும் பயப்படுகிறார். பயந்த கையோடு வேலையைத் தொடங்குகிறார். அவர் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று: தானே நட்டு, தண்ணீர் விட்டு, பார்த்துப் பார்த்து வளர்த்த காயை அவரே குடைந்தார். அது அப்படியே நிற்கட்டும் என்று ஆசைப்பட்டிருந்தால் ஒரு உயிரும் மிஞ்சியிருக்காது. வயதானவர்கள் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய துணிச்சல் இதுதான் என்று நம்புகிறேன். விதையையும் ஏற்றியதில் இருக்கிறது அவருடைய முதிர்ச்சி. பிழைத்த பின் உழ வேண்டுமே!

பேத்தியின் கேள்விக்கு, "வந்தா நாமளும் ஒரு காயைக் குடைஞ்சிரலாம்" என்றேன். மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. அவள் தன் தம்பியை உட்காரவைத்து அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கதையில் பூசணி எங்கள் பழனிக் கோயில் அடிவாரத்தில் காய்த்திருந்தது. முதலில் ஏறியது யானை இல்லை. அங்கே நிற்கும் ஜட்கா வண்டிக் குதிரை. "தாத்தாவையும் ஏத்தியாச்சு" என்றாள், என்னைப் பார்க்காமலே.

இருளர் மலையிலிருந்து புறப்பட்ட கதை மறுபடியும் வாய்க்கு வந்துவிட்டது.