காலணிப் பெட்டியும் வழிகாட்டி நூலும்

அகராதிகளின் வரலாற்றை எழுதுவோர் தொகுத்தோரின் பெயரையும் சொற்களின் தொகையையும் தவறாது குறிப்பிடுவர். தொகுப்புக்கு உதவிய கருவியை நினைப்போர் சிலரே. அக்கருவியைக் கையாளும் முறையை எழுதிவைத்தோரை நினைப்போர் அவரினும் சிலர். திருமறை மொழிபெயர்ப்புப் பணியிலிருந்து பிறந்த அத்தகைய கருவியொன்றின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

1934-ஆம் ஆண்டு கேமரன் டவுன்சென்ட் என்பார் அமெரிக்காவின் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில் கோடைகாலப் பயிற்சி முகாம் ஒன்றைத் தொடங்கினார். எழுத்துவடிவம் பெறாத மொழிகளைக் கற்று, அவற்றில் திருமறையை மொழிபெயர்ப்போரை ஆயத்தப்படுத்துவது அதன் நோக்கம். இம்முகாமே பின்னர் கோடைகால மொழியியல் நிறுவனமாக வளர்ந்தது. களத்தில் பணியாற்றிய மொழியியலார் தாம் கேட்ட சொற்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, காலணி வாங்கிய அட்டைப்பெட்டிகளில் அடுக்கிவைப்பது வழக்கம். பெட்டி எளியது, ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. அகர வரிசையில் அடுக்கிய சீட்டுகளைப் பொருள்வழித் தேட இயலாது.

1980-களின் பிற்பகுதியில் இந்நிறுவனத்தார் சொற்பதிவுகளைத் திருத்தவும் தேடவும் கணினி மென்பொருள் ஒன்றை உருவாக்கியபோது, பழைய பெட்டியை மறவாமல் அதற்கு ‘ஷூபாக்ஸ்’ என்றே பெயரிட்டனர். ஜான் விம்பிஷ் எழுதிய அதன் வழிகாட்டி 1990-இல் இந்தோனேசியாவின் அம்போன் நகரிலிருந்து வெளிவந்தது. 1605-இல் டச்சுக்காரர் கைப்பற்றிய அம்போனில் சீர்திருத்தத் திருச்சபை தொன்மையானது. 1733-இல் அச்சேறிய மலாய்த் திருமறை அங்கே நெடுங்காலம் வழங்கிற்று. ஆனால் சுற்றியுள்ள தீவுகளில் மக்கள் இல்லங்களில் பேசிய மொழிகளோ பதிவின்றிக் கிடந்தன. கருவியின் கையேடு இத்தகைய ஊரில் எழுந்தது பொருத்தமே.

இம்மென்பொருளில் ஒவ்வொரு பதிவும் பல வரிகளாக அமையும். ஒவ்வொரு வரியின் முன்னும் சாய்கோடும் சில எழுத்துகளும் கொண்ட ஒரு குறி நிற்கும். ‘எல்.எக்ஸ்.’ எனின் தலைச்சொல்; ‘பி.எஸ்.’ எனின் சொல்வகை, ‘ஜி.இ.’ எனின் ஆங்கிலச் சுருக்கப்பொருள். கோப்பு வெறும் எழுத்துக்கோப்பு ஆதலின் எந்தக் கணினியிலும் திறந்து படிக்கலாம்.

இங்கு இறையியல் மாணாக்கர் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. மூலவாசகம் ஒன்றைக் கொடுத்தால், மென்பொருள் தன் சொற்றொகுதியைப் பார்த்து ஒவ்வொரு சொல்லின்கீழும் அதன் பொருளை இடும். இரு பொருள் பதிவாகியிருப்பின் எதனைக் கொள்வதென்று நம்மைக் கேட்கும். ஒன்றே பதிவாகியிருப்பின் கேளாமலே அதனை இட்டுவிடும். யோவான் 3:8-இல் வரும் ‘நியூமா’ என்னும் கிரேக்கச் சொல் காற்றையும் ஆவியையும் குறிக்கும். இத்தகைய சொல்லுக்கு ஒரு பொருளை மட்டும் பதிந்தவரின் அவசரம், அச்சொல் வரும் இடமெல்லாம் ஓசையின்றிப் பரவிவிடும். பிழை கருவியினுடையது அன்று, பதிவினுடையது.

இத்தகைய செய்திகளை நிதானமாக விளக்கிய நூல், டேவிட் கவர்டும் சார்ல்ஸ் கிரைம்சும் எழுதி 1995-இல் வெளிவந்த ‘அகராதிகளை ஆக்குதல்’ என்னும் ஆங்கிலக் கையேடாகும். எந்த விசையை அழுத்துவது என்பதோடு அது நின்றுவிடவில்லை. சுருக்கப்பொருள் வேறு, விளக்கம் வேறு என்று அது கற்பித்தது. பதிவு திருத்தப்பட்ட நாளைக் குறிக்கவும் ஓரிடம் வகுத்தது. ஆங்கிலப் பொருளுக்கு மட்டுமன்றி, நாட்டின் பொதுமொழிக்கும் வட்டார மொழிக்கும் தனித்தனிக் குறிகளை ஏற்படுத்தியது. இதனையே அந்நூலின் தலையாய சிறப்பாக நாம் கருதுகிறோம். அகராதி அதனைத் தொகுத்த அயலாருக்கு மட்டும் உரியதன்று, அம்மொழி பேசுவோருக்கும் அவர்தம் அண்டை அயலாருக்கும் உரியது என்னும் கொள்கை, இரண்டெழுத்துக் குறியொன்றில் அடங்கிவிட்டது.

ஆயினும் மென்பொருள் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. விரும்பியவர் விரும்பிய குறியைப் படைத்துக்கொள்ளலாம். களத்தில் இருப்பவருக்கு அது வசதியே. ஆனால் அவர் ஓய்வுபெற்றபின், ‘எக்ஸ்.கியூ.’ என்று அவர் இட்ட குறிக்குப் பொருள் யாதென்று எவர் உரைப்பார்? கோப்பைத் திறக்க முடிகிறது, பதிவைப் படிக்க முடிவதில்லை.

சொற்றொகுதிகள் கைமாறுவதைத் தமிழகராதி வரலாற்றிலும் காண்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைட் ஐயர் திரட்டத் தொடங்கிய சொற்கள், அவர் மறைவுக்குப்பின் பலர் கைப்பட்டு, 1862-இல் வின்சுலோ ஐயரின் அகராதியாக வெளிவந்தன. அவ்வகராதி, 1913-இல் சாண்ட்லர் ஐயரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதிக்கும் உதவிற்று. ஒருவர் எழுதியதை அடுத்தவரால் படிக்க முடிந்ததால் அன்றோ இது கைகூடிற்று!

ஷூபாக்சின் இடத்தைப் பின்னர் டூல்பாக்ஸ் என்னும் மென்பொருளும், அதன்பின் ஃபீல்டுவொர்க்ஸ் என்பதும் பெற்றன. பழைய கோப்பைப் புதிய மென்பொருளுக்கு மாற்றுகையில், ஒவ்வொரு குறிக்கும் பொருள் யாதென அது நம்மை வினவும். கையேட்டின்படி எழுதினவருடைய கோப்பாயின் விடை எளிது. தம் குறிகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதிவைத்தவருடையதாயின் அத்தாளைப் பார்த்து விடையிறுக்கலாம். இரண்டும் இல்லாவிடின், பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்து ஊகிப்பதே எஞ்சியிருக்கும் வழி.