ஆகாயக் கப்பலும் நம் பால்மரமும்



"ஏன் வாத்தியாரே, பட்டாளத்து ஆகாயக் கப்பலுக்கும் ஹுத்தான் மெலிந்தாங்குக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1935 டிசம்பர் 17-இல் அமெரிக்காவின் டக்ளஸ் கம்பெனி செய்த டிசி-3 விமானம் முதன்முதலாகப் பறந்தது. இரண்டாம் உலகப் போரில் அதுவே பட்டாளத்துக்குச் சரக்கு ஏற்றும் விமானமாயிற்று. ஆங்கிலேயர் அதற்கு டகோட்டா என்று பெயர் வைத்தனர். பத்தாயிரத்துக்கும் மேல் செய்து குவித்தார்கள்.

எவ்வளவு பெரிய விமானமானாலும், உதிரிபாகம் இல்லையென்றால் வெறும் தகரந்தானே! 1941-இல் சீனாவில் ஒரு டிசி-3இன் இறக்கை குண்டுவீச்சில் சிதைந்துபோனது. மாற்று இறக்கை கைவசம் இல்லை. ஹாங்காங்கில் கிடந்ததோ பழைய டிசி-2இன் இறக்கை, ஐந்தடி குட்டை. அதை இன்னொரு விமானத்தின் வயிற்றில் கட்டிக் கொண்டுபோய் மாட்டினார்கள். பறந்தும் காட்டினார்கள்! 'டிசி இரண்டரை' என்று அதற்குச் செல்லப் பெயரும் வந்தது.

எல்லா நேரமும் அப்படிச் செய்ய முடியாது. விமானத்தின் முக்கியமான பாகங்களுக்கெல்லாம் ஒரு ஜாதகம் உண்டு. எண் என்ன, எத்தனை மணி நேரம் ஓடியது, யார் மாட்டியது, யார் சோதித்தது என்று எழுதி வைப்பார்கள். ஜாதகம் இல்லாத பாகம் புதிதாக மின்னினாலும் மாட்டக்கூடாது.

இனி நம் கதைக்கு வருவோம். விமானம் தரையைத் தொடும் நொடியில் நின்றிருந்த சக்கரம் படுவேகமாகச் சுழல்கிறது. டயர் கொதிக்கிறது. அந்தச் சூட்டைத் தாங்க இயற்கை ரப்பரே சிறந்தது. 1942-இல் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்கா செயற்கை ரப்பரை ஏராளமாகச் செய்தது. ஆனாலும் பெரிய விமான டயருக்கு மரத்துப் பாலை விட முடியவில்லை. இன்றும் விமான டயரில் பெரும்பங்கு இயற்கை ரப்பர்தான்.

1948 ஜூன் 16-இல் நம் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார் கொல்லப்பட்டனர். அவசரகாலம் வந்தது, 1960 ஜூலை 31 வரை நீடித்தது. காட்டுக்குள் இருந்த பட்டாளத்துக்கு டகோட்டாவும், பிறகு வலெட்டாவும் வானிலிருந்து அரிசியும் மருந்தும் போட்டன. கீழே லயத்தைச் சுற்றி முள்வேலி. "வெட்டுக்குப் போறப்ப ஒரு வாய் சோறு கொண்டுபோக முடியாதுப்பா, கேட்டுல புடிச்சிருவாங்க" என்று என் பாட்டி சொல்வார். மேலேயிருந்து அரிசி விழுந்த காலத்தில், விடிகாலையில் பெரட்டுக்குப் போன நம் மக்கள் வெறும் வயிற்றோடு பால் வெட்டினார்கள். விமானிகளைப் பற்றிப் புத்தகங்கள் பேசுகின்றன. இவர்களைப் பற்றி நாம்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

1976-இல் நம் நாட்டு விமானப்படைக்கு ஹெர்குலிஸ் விமானங்கள் வந்தன. அவற்றைப் பழுது பார்க்கும் ஏரோட் பட்டறை சுபாங்கில் அமைந்தது. அங்கே வேலைக்கு வேண்டியது கணக்கு, விஞ்ஞானம், எழுதியதைப் பொய்யில்லாமல் எழுதும் பழக்கம்.

பெற்றோர்களே, ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பிள்ளைகளின் படிப்பைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். மாணவர்களே, உங்கள் பாட்டன் வெட்டிய பால் விமானத்தின் சக்கரமாயிற்று. அந்த விமானத்தைத் திறந்து பழுதுபார்க்கும் கை உங்களுடையதாகட்டும்.