சுக்கான் இழந்த விமானங்கள்

கலத்திற்குச் சுக்கான் எத்தகையதோ, ஆகாயவிமானத்திற்கு வாலிலும் இறக்கைகளிலும் அமைந்த அசையுந் தகடுகள் அத்தகையன. முற்காலத்துச் சிறு விமானங்களில் விமானி தன் கைவலிமையாலேயே கம்பிகளை இழுத்து அவற்றை அசைத்தான். விமானங்கள் பெருத்தபோது அவ்வலிமை போதாதாயிற்று. குழாய்வழிச் செல்லும் எண்ணெயின் அமுக்கம் அவ்வேலையை ஏற்றது. எண்ணெய் ஒழுகிவிடின் என் செய்வது? ஒன்றுக்கு மூன்றாகவோ நான்காகவோ தனித்தனித் தொகுதிகளை அமைத்தலே பொறியியலாளர் கண்ட விடை. அவையாவும் ஒருங்கே கெடுதல் நிகழவொண்ணாதது என்றே பலரும் நம்பினர்.

1985 ஓகஸ்ட் 12ஆம் நாள் அந்நம்பிக்கை பொய்த்தது. தோக்கியோவிலிருந்து ஒசாக்காவுக்குப் புறப்பட்ட போயிங் 747 விமானமொன்றின் வாற்பகுதி 1978இல் தரையில் உரசிப் பழுதுற்றிருந்தது. அப்பழுது செவ்வனே திருத்தப்படாமையால் பின்புற அமுக்கத்தடுப்புச் சுவர் பிளந்து, வாலின் பெரும்பகுதியும் நான்கு தொகுதிகளின் எண்ணெயும் போயின. எஞ்சின்களின் விசையைக் கூட்டியும் குறைத்துமே விமானிகள் அரைமணி நேரத்துக்கு மேல் அதனை வானில் நிறுத்தினர். ஈற்றில் மலையில் மோதி, 524 பேருள் 520 பேர் மாண்டனர்.

அமெரிக்கப் பயிற்சி விமானியான டெனி பிச் இச்செய்தியறிந்து, அதே நிலையைப் பயிற்சிப் பொறியில் தாமாகவே பழகிப்பார்த்தார். 1989 யூலை 19இல் டென்வரிலிருந்து சிக்காக்கோவுக்குப் பறந்த யுனைற்றெட் நிறுவனத்து டீ.சி.10 விமானத்தில் அவர் பயணியாக அமர்ந்திருந்தார். வால் எஞ்சினின் தைற்றேனியச் சுழல்தட்டு, உலோகம் வார்த்த காலந்தொட்டே இருந்த குறையினின்று வளர்ந்த வெடிப்பினால் உடைந்து சிதறியது. மூன்று தொகுதிகளின் குழாய்களும் வாலில் அருகருகே சென்றமையால் மூன்றும் வறிதாயின. ஓரிடத்திற் கூடும் மூன்று, ஆபத்து வேளையில் ஒன்றேயன்றோ!

தலைமை விமானி அல்பிரட் ஹெயின்சின் இசைவுடன், பிச் இரு ஆசனங்களுக்கிடையே முழந்தாளிட்டு, எஞ்சிய இரு எஞ்சின்களின் பிடிகளையும் இரு கைகளாற் பற்றினார். இறக்கைக்குக் கீழே எஞ்சின் தொங்குவதால் விசை கூடின் மூக்கு நிமிரும், குறையின் தாழும். ஒருபுறம் மிகுத்தால் விமானம் மறுபுறந் திரும்பும். ஆனால் விளைவு தாமதித்தே தோன்றுமாதலின், விமானம் ஏறுமுன்பே ஏற்றத்தைத் தடுக்கவும் இறங்குமுன்பே இறக்கத்தைத் தடுக்கவும் வேண்டியிருந்தது. எப்பொழுதும் வலப்புறஞ் சாயவே அது முனைந்தது. ஏறக்குறைய 44 நிமிடங்களின்பின், வழக்கத்தினும் மிக்க வேகத்துடன் சூ சிற்றி ஓடுபாதையைத் தொட்ட விமானம், வல இறக்கை தரையிற் பட்டுப் புரண்டு தீப்பற்றியது. இருந்த 296 பேருள் 112 பேர் இறந்தனர். 184 பேர் பிழைத்தனர். பின்னர் அனுபவமிக்க விமானிகள் பயிற்சிப் பொறியில் அத்தரையிறக்கத்தை முயன்றபோது, அது பயிற்றுவித்தற்கியலாததென ஆய்வாளர் முடிவு செய்தனர்.

இதன்பின் டீ.சி.10 விமானங்களில் எண்ணெய் முழுதும் வெளியேறாது காக்கும் அடைப்பான் பொருத்தப்பட்டது. நாசா நிறுவனம் கணினியே எஞ்சின்களை இயக்கும் முறையொன்றை வகுத்து, 1995இல் எம்.டி.11 விமானமொன்றை அவ்வாறே தரையிறக்கிக் காட்டியது. விமான நிறுவனங்கள் அதனை மேற்கொள்ளவில்லை. 2003 நவம்பரில் பக்தாத்தில் ஏவுகணைபட்டு இடவிறக்கை எரிய, எண்ணெய் முற்றுமிழந்த சரக்கு விமானத்தின் மூவரும் வெறுங்கையாலேயே எஞ்சின்களை ஆண்டனர். விமானம் ஓடுபாதையை விட்டு விலகி மணலில் நின்றது. மூவரும் உயிருடன் இறங்கினர்.