லாரியில் ஏறிய ஹாம் வானொலி

சேதராப்பட்டு புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த ஊர். புதுச்சேரியிலிருந்து மயிலம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது. பிப்டிக் எனப்படும் புதுச்சேரி தொழில் வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்பேட்டை இங்கு இருப்பதால், சாலையில் எந்நேரமும் சரக்கு லாரிகளைக் காணலாம். அந்த லாரிகளில் ஒன்றில் ஹாம் வானொலியைப் பொருத்துவது, பார்வைக்கு ஒரு மின்வேலைக்காரரின் அரைநாள் வேலை. ஆனால் வானொலி நிலையம் என்பது நகரக்கூடிய பொருள்தானா என்ற கேள்வி அதற்குள் அடங்கியிருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க ஓர் உலகப் போரும் பல பேரிடர்களும் தேவைப்பட்டன.

ஹாம் வானொலி அல்லது அமெச்சூர் வானொலி என்பது தேர்வெழுதி அரசின் உரிமம் பெற்ற தனிமனிதர்கள், வணிக நோக்கமின்றித் தங்களுக்குள் அலைவழியே பேசிக்கொள்ளும் சேவை. ஒவ்வொருவருக்கும் உலகில் வேறு எவருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறி உண்டு. குறியின் முதல் எழுத்துகள் நாட்டைக் காட்டும். இந்தியாவில் அவை பெரும்பாலும் வி.யு.2 அல்லது வி.யு.3 என்று தொடங்கும். அந்தமானுக்கு வி.யு.4, இலட்சத்தீவுக்கு வி.யு.7.

முகவரியே அடையாளம்

பிரெஞ்சிந்தியாவின் வானொலி முன்னொட்டு எஃப்.என்.8. உலக ஹாம்கள் தாங்கள் தொடர்புகொண்ட நாடுகளைக் கணக்கெடுக்கும் பட்டியலில் பிரெஞ்சிந்தியா தனி நாடாக இருந்தது. இன்று அது நீக்கப்பட்ட நாடுகளின் வரிசையில் கிடக்கிறது. 1954 அக்டோபர் 31 வரை நடந்த தொடர்புகள் மட்டுமே அந்த நாட்டின் கணக்கில் சேரும் என்பது பட்டியலின் விதி. மறுநாள், நவம்பர் 1 அன்று, புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகிய நான்கின் நிர்வாகமும் இந்தியாவிடம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, அக்டோபர் 18 அன்று, கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தனர். 170 பேர் இணைப்பை ஆதரித்தார்கள். சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நிறைவேறியது. அரசியல் சட்டம் எட்டு ஆண்டுகள் காத்திருந்தது; வானொலிப் பட்டியல் ஒரே நள்ளிரவில் கணக்கை முடித்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, நிலையத்தின் அடையாளம் முழுக்க முழுக்க அது நிற்கும் மண்ணைச் சார்ந்திருந்தது என்பதுதான். பிரெஞ்சிந்தியாவின் நிலமோ துண்டு துண்டானது. புதுச்சேரிப் பகுதிகளுக்கு நடுவே தமிழ்நாட்டு ஊர்கள் வரும். அவற்றைத் தாண்டினால் மறுபடி புதுச்சேரி வரும். 1954-க்கு முன் இப்பக்கத்தில் ஒரு வண்டியில் வானொலியை வைத்து ஓட்டியிருந்தால், சில மைல்களுக்குள் அது இரண்டு நாடுகளின் நிலையமாக மாறி மாறி ஆகியிருக்கும். எல்லைச் சாவடியில் சுங்கக்காரர்கள் அதை விட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம்.

சென்னை மாகாணத்திலும் தொடக்கம் ஓரிடத்தில் ஊன்றிய நிலையமாகவே இருந்தது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் 1924 மே 16 அன்று தொடங்கப்பட்ட சென்னை மாகாண வானொலிக் கழகம், அவ்வாண்டு ஜூலை 31 முதல் 40 வாட் கருவியைக் கொண்டு ஒலிபரப்பியது. ஆர்வலர்கள் சேர்ந்து நடத்திய இந்த முயற்சி பணமின்றி 1927-இல் நின்றது. அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930-இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது.

இடம் மாறிக்கொண்டே இருந்த கருவி

1939-இல் போர் தொடங்கியதும் இந்தியாவில் ஹாம் உரிமங்கள் ரத்தாயின. கருவிகளை ஒப்படைக்க உத்தரவு வந்தது. எல்லாக் கருவிகளும் ஒப்படைக்கப்படவில்லை. 1942-இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் நடத்திய காங்கிரஸ் வானொலிக்கு ஒலிபரப்பிக் கருவியை அமைத்துத் தந்தவர் நரிமன் பிரிண்டர் என்ற ஹாம். காவல்துறை அலையின் திசையை வைத்துத் தேடியதால் அந்நிலையம் வீடு விட்டு வீடு மாறிக்கொண்டே இருந்தது. நகர்கிற வரையில்தான் அதற்கு உயிர். 1942 நவம்பர் 12 அன்று அது பிடிபட்டது.

அதே வாரத்தில் உலகின் இன்னொரு மூலையில் ஒரு ஹாம் கருவி லாரியில் ஏறிக் கரையிறங்கியிருந்தது. சாலையில் ஓடும்போதே 160 கிலோமீட்டர் தொலைவுக்குப் பேசக்கூடிய நிலையம் அமெரிக்கப் படைக்குத் தேவைப்பட்டது. புதிதாக ஒன்றை வடிவமைக்க நேரமில்லை. சிகாகோவின் ஹாலிகிராஃப்டர்ஸ் நிறுவனம் ஹாம்களுக்காகக் கடையில் விற்றுக்கொண்டிருந்த எச்.டி.-4 என்ற ஒலிபரப்பிக் கருவியையே எடுத்து, உறுதிப்படுத்தி, செவ்ரோலே லாரியின் மூடிய பெட்டிக்குள் வைத்தார்கள். பின்னால் இழுத்துச் செல்லும் வண்டியில் மின்னாக்கி இருந்தது. எஸ்.சி.ஆர்.-299 என்று பெயரிடப்பட்ட இந்த லாரி நிலையம், 1942 நவம்பர் 8 அன்று தொடங்கிய வட ஆப்பிரிக்கத் தரையிறக்கத்தில் முதன்முதலாகப் போர்க்களம் கண்டது. ஒலிபரப்பிக் கருவி மட்டுமே சுமார் 180 கிலோ எடை. அதை எந்த மேசையும் தாங்கியிருக்காது என்று சொல்லலாம். லாரிக்கு அது ஒரு சுமையே அல்ல. வானொலியை நகர்த்த முடியாமல் தடுத்தது கருவி அல்ல, மின்சாரம்தான் என்பதை மின்னாக்கி வண்டி காட்டிக்கொடுத்தது.

போர் முடிந்ததும் பயணம் திசை மாறியது. இராணுவம் கழித்துவிட்ட கருவிகள் பழைய பொருள் சந்தைகளுக்கு வந்தன. பிரிட்டிஷ் டாங்கிகளுக்காக உருவாக்கப்பட்ட 19-ஆம் எண் கம்பியில்லாக் கருவி அவற்றில் பெயர்பெற்றது. கனடாவில் செய்யப்பட்டவற்றின் முகப்பில் ஆங்கிலத்தோடு ரஷ்ய எழுத்துகளும் இருக்கும். சோவியத் படைக்கும் அனுப்பியதன் அடையாளம் அது. வண்டிக்காகவே பிறந்த இத்தகைய கருவிகளை வாங்கி, வீட்டு மின்சாரத்தில் இயங்குமாறு மாற்றி, மேசைமேல் வைத்துப் பேசினார்கள் ஹாம்கள். இறக்குமதிக் கருவிக்குச் சுங்கவரி கட்ட முடியாத தலைமுறைக்கு இந்தக் கழிவுக் கருவிகளே பள்ளிக்கூடம். 1984-இல் வரி விலக்கு வந்த பிறகுதான் ஜப்பானியச் சிறு கருவிகள் பரவலாக வரத் தொடங்கின. அவை 12 வோல்ட்டில், கார் மின்கலத்தில் நேரடியாக இயங்குபவை. இப்படி ஹாம் வானொலி மறுபடியும் வண்டிக்குத் திரும்பியது.

சட்டம் என்ன சொன்னது

இந்திய விதிகள் வண்டியைத் தயக்கத்தோடுதான் ஏற்றன. உரிமம் வழங்குவது ஒன்றிய அரசின் தொலைத்தொடர்புத் துறையைச் சேர்ந்த கம்பியில்லாத் திட்டமிடல் ஒருங்கிணைப்புப் பிரிவு. 1978-ஆம் ஆண்டு அமெச்சூர் சேவை விதிகளின்படி, உரிமத்தில் எழுதிய முகவரியில்தான் நிலையம் இருக்க வேண்டும். வண்டியில் இயக்குவதற்குத் தனியே அனுமதி பெற வேண்டும். ஒவ்வொரு தொடர்பையும் நாள், நேரம், அலைவரிசை, எதிர்நிலையத்தின் குறி ஆகியவற்றோடு பதிவேட்டில் குறிக்க வேண்டும். சங்கேத மொழி கூடாது.

இவற்றைவிட முக்கியமானது வணிகத் தடை. சேதராப்பட்டில் சுமை ஏற்றிக்கொண்டிருக்கும் லாரிக்காரர் "லோடு ஏறிடுச்சு, கிளம்புறேன்" என்று முதலாளியிடம் ஹாம் வானொலியில் சொல்லக் கூடாது. அவரிடம் உரிமம் இருந்தாலும் கூடாது. அமெரிக்க லாரிக்காரர்களைப் பற்றிய திரைப்படங்களைப் பார்த்தவர்கள் இங்கே குழம்புவதுண்டு. அவர்கள் பேசுவது 27 மெகாஹெர்ட்சு மக்கள் அலைவரிசையில். அது தேர்வு தேவைப்படாத, குறைந்த தூரச் சேவை. இந்தியாவில் அதை 5 வாட் வரை உரிமமின்றிப் பயன்படுத்த 2005-இல் விதிவிலக்கு தரப்பட்டது. அதற்குள் கைப்பேசி எல்லா லாரிகளிலும் ஏறிவிட்டதால் அதைக் கேட்பாரில்லை. ஆக, லாரியில் ஹாம் வானொலி என்பது லாரித் தொழிலுக்கானது அல்ல. இயற்கைப் பேரிடரின்போது பிறருக்காகச் செய்தி அனுப்ப விதிகள் இடம் தருகின்றன. அந்த வாசல் வழியாகத்தான் இதற்குச் சமூகப் பயன் வந்தது.

பொருத்தும் வேலை

காரில் பொருத்திப் பழகியவர் பெரிய லாரியில் முதலில் தவறுவது மின்னழுத்தத்தில். ஹாம் கருவிகளுக்கு வேண்டியது 13.8 வோல்ட். கனரக லாரிகளில் இரண்டு 12 வோல்ட் மின்கலங்களைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி இழுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். இழுத்தால் கருவி இயங்கவும் செய்யும். ஆனால் ஒரு மின்கலம் மட்டும் தேய்ந்துகொண்டே போக, ஆல்டர்னேட்டரோ இரண்டுக்கும் ஒரே மின்னோட்டத்தைச் செலுத்திக்கொண்டிருக்கும். தேய்ந்தது நிறையாது, நிறைந்தது கொதிக்கும். சில மாதங்களில் இரண்டும் பாழ். 24 வோல்ட்டை 13.8 ஆகக் குறைக்கும் மாற்றியை நடுவில் வைப்பதே முறை. 100 வாட் கருவி பேசும்போது ஏறத்தாழ 20 ஆம்பியர் இழுக்கும். எனவே தடித்த கம்பியும், மின்கலத்துக்கு அருகிலேயே ஃபியூசும் கட்டாயம். சிகரெட் பற்றவைக்கும் துளையிலிருந்து எடுத்தால் கருவிக்கு முன் கம்பி புகையும்.

அடுத்தது ஆன்டெனா. 145 மெகாஹெர்ட்சு பகுதிக்குக் கால் அலைநீளம் அரை மீட்டர்தான். எங்கே வேண்டுமானாலும் நிற்கும். தொலைதூரத்துக்கான 7 மெகாஹெர்ட்சு பகுதிக்கு அதுவே பத்து மீட்டருக்கு மேல். அதைத் தூக்கிக்கொண்டு எந்தப் புளியமரத்தடியிலும் போக முடியாது. அதனால் இரண்டு, இரண்டரை மீட்டர்க் கம்பியின் நடுவில் சுருள் வைத்து நீளத்தை ஈடுகட்டுகிறார்கள். அனுப்பும் ஆற்றலில் பெரும்பகுதி சுருளின் வெப்பமாகவும் மண்ணிலும் கரைந்துபோகும். மிஞ்சுவதை வைத்துத்தான் பேச்சு.

கம்பி பாதி ஆன்டெனாதான். மறுபாதி வண்டியின் உலோக உடல். இங்குதான் நம் லாரிகள் வேறுபடுகின்றன. நீண்ட காலம் இந்தியாவில் லாரி என்றால் எஞ்சினும் சேசிசும் மட்டுமே ஆலையிலிருந்து வரும். கேபினை உள்ளூர் பாடி கட்டும் பட்டறை மரச்சட்டத்தில் கட்டித் தரும். கூரைத் தகடு மரத்தின்மேல் ஆணியடித்து நிற்குமே தவிர, சேசிசோடு மின்தொடர்பு இருக்காது. இத்தகைய கேபினில் வைத்த ஆன்டெனா ஒற்றைக்காலில் நிற்பது போன்றது. தகட்டிலிருந்து சேசிசுக்குப் பட்டையான செம்பு வார் இணைத்த பிறகே சரியாக வேலை செய்யும். முன்பக்கக் கம்பியில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டும் இடம் ஆன்டெனாவுக்கும் வசதியானதுதான், எஞ்சின் சூட்டையும் இரைச்சலையும் பொறுத்துக்கொண்டால்.

இரைச்சலில் பழைய டீசல் வண்டிக்கு ஒரு மேன்மை உண்டு. அதில் பொறிச்செருகி கிடையாது. பெட்ரோல் காரில் கேட்கும் படபடப்பு இதில் கேட்காது. புதிய டீசல் எஞ்சின்களில் எரிபொருளைச் செலுத்துவது மின்னணுக் கட்டுப்பாடு என்பதால் அந்த அமைதி போய்விட்டது. மலிவான எல்.இ.டி. விளக்குகளும் கைப்பேசி மின்னேற்றிகளும் மீதியைக் கெடுக்கின்றன.

புயற்கரையில்

2004 டிசம்பர் தொடக்கத்தில் பாரதி பிரசாத் என்ற ஹாம் குழுவினரோடு போர்ட் பிளேர் சென்று, வி.யு.4-ஆர்.பி.ஐ. என்ற குறியில் உலகெங்கும் பேசத் தொடங்கினார். அந்தமானிலிருந்து பல ஆண்டுகளாக ஹாம் குரலே கேட்காதிருந்ததால் உலக ஹாம்கள் முண்டியடித்தனர். டிசம்பர் 26 காலை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தன. பொழுதுபோக்கை நிறுத்திவிட்டு அக்குழு அதே கருவிகளில் பேரிடர்ச் செய்திகளை அனுப்பியது. இந்திய ஹாம் வரலாற்றில் இது அதிகம் பேசப்படும் நிகழ்வு. ஆனால் அக்குழு தீவில் இருந்தது தற்செயல். அடுத்த பேரிடரின்போது கருவியும் ஆளும் அங்கேயே இருப்பார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல ஊர்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரி அருகிலேயே கரையைக் கடந்தது. கைப்பேசிக் கோபுரங்கள் மின்சாரம் போனதும் சில மணி நேரம் மின்கலத்தில் இயங்கும். பிறகு டீசல் வந்தால் உண்டு. லாரியில் டீசல் ஏற்கெனவே இருக்கிறது. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் ஹாம் கருவிக்கு ஒன்றிரண்டு ஆம்பியர் போதும். லாரியின் மின்கலங்கள் ஓர் இரவைத் தாராளமாகத் தாங்கும். விடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டால் மறுபடி நிறையும். 1942-இல் தனி வண்டியில் இழுத்துச் சென்ற மின்னாக்கியின் வேலையை இங்கே ஆல்டர்னேட்டரே செய்துவிடுகிறது.

அப்போதும் ஒரு சிக்கல் மிஞ்சும். 145 மெகாஹெர்ட்சில் வண்டிக்கு வண்டி பேசினால் சமதரையில் பத்து, பதினைந்து கிலோமீட்டரோடு குரல் தேய்ந்துவிடும். 7 மெகாஹெர்ட்சில் செங்குத்துக் கம்பியிலிருந்து கிளம்பும் அலை தாழ்வாகச் சென்று வெகுதூரத்தில் வானிலிருந்து இறங்கும். டெல்லிக்குக் கேட்பது விழுப்புரத்துக்குக் கேட்காது. இடைப்பட்ட ஊர்களை எட்ட வேண்டுமானால் வண்டியை நிறுத்தி, இருபது மீட்டர்க் கம்பியை மூன்று, நான்கு மீட்டர் உயரத்தில் படுக்கையாகக் கட்ட வேண்டும். அலை நேராக மேலே போய்க் குடைபோலச் சுற்றுவட்டாரம் முழுவதும் இறங்கும். கம்பியைக் கட்ட மரம் வேண்டும் என்பார்கள். புயலுக்குப் பிறகு நிற்கும் மரத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. கூரையில் ஒரு மூங்கிலைக் கட்டி ஒரு முனையை அதில் மாட்டி, மறுமுனையைப் பின்னால் நிற்கும் இன்னொரு லாரியில் முடிந்தால் போதும்.