ஈயைப் பற்றிக் கேட்கலாம்!

ஏன், எப்படி என்று வினவுதலே அறிவின் முதற்படி. இவ்வுண்மையை ஒரு தேசத்து மக்கள் யுத்தத்தின் நடுவிலும் கைவிடாதிருந்த வரலாறு நாம் அறியத்தக்கதொன்றாகும்.

ஜெர்மானிய விமானங்கள் இலண்டன் மாநகரின்மீது குண்டுமாரி பொழிந்து வந்த காலத்தில், 1941ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று, பி.பி.சி. ஒலிபரப்புக் கழகத்தார் படைவீரர்க்கான ரேடியோ வரிசையில் புதியதொரு நிகழ்ச்சியைத் தொடங்கினர். நேயர்கள் தபாலில் வினாக்களை எழுதியனுப்புவர். அறிஞர் சிலர் கூடியிருந்து, அவ்வினாக்களை முன்னர் அறியாமலே, கேட்ட மாத்திரத்தில் விடை பகர்வர். ஹோவர்ட் தாமஸ் என்பார் அமைத்த இந்நிகழ்ச்சியே பின்னர் 'பிரெயின்ஸ் டிரஸ்ட்' எனப் புகழ்பெற்றது. விலங்கியல் அறிஞர் ஜூலியன் ஹக்ஸ்லி, தத்துவ ஆசிரியர் ஜோட், உலகெங்கும் கடல்வழிச் சுற்றிய கமாண்டர் காம்ப்பெல் ஆகிய மூவரும் தொடக்கத்தில் விடையளித்தோராவர். வாரந்தோறும் ஆயிரக்கணக்கான கடிதங்கள் வந்து குவிந்தன. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் செவிமடுத்தனர்.

ஈயானது கூரையின் அடிப்புறத்தில் தலைகீழாக அமர்வது எவ்வாறு என்றொரு வினா எழுந்தது. அற்பமெனத் தோன்றும் இவ்வினா பேரறிஞர்களையே திகைக்க வைத்தது. நேயரின் கேள்விக்குப் பண்டிதர் திகைத்து நின்றதை நாடே கேட்டது. அதனால் பண்டிதருக்கு இழுக்கில்லை. கேட்போருக்கோ, தம் ஐயமும் மதிக்கத்தக்கதே என்னும் துணிவு பிறந்தது. ஜோட் அவர்களோ, எவ்வினாவாயினும் முதலில் அதிலுள்ள சொல்லின் பொருள் யாதென வினவுவதையே வழக்கமாகக் கொண்டிருந்தார். பொருள் தெளியாமல் வாதிடுவோர்க்கு இது நல்லதொரு பாடமன்றோ?

1949இல் முடிவுற்ற ரேடியோ நிகழ்ச்சி, 1955இல் டெலிவிஷனில் மீண்டும் தோன்றி, 1961 வரை நடைபெற்றது. புரொனாவ்ஸ்கி, ஏயர் போன்ற அறிஞர்களைக் காண்போர் தம் இல்லத்திலிருந்தே கண்டனர்.

எனினும், இதன் குறைகளையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. 1948இல் ஜோட் டிக்கெட்டின்றி ரயிலில் பயணஞ்செய்து அபராதம் விதிக்கப்பெற்றார். அதனால் அந்நிகழ்ச்சியில் தமக்கிருந்த இடத்தையும் இழந்தார். ஒழுக்கத்தைப் பற்றிப் பேசியவர் தவறினாரென்று சிலர் எள்ளி நகைத்திருக்கலாம். ஆயின், விடை சொன்னவர் தவறியதால் வினவும் முறை தவறாகிவிடுமா? ஆளைப் பார்த்து நம்பாதே, காரணத்தைப் பார்த்து ஒப்புக்கொள் என்பதே இதனால் நாம் பெறும் படிப்பினை.

அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. சமயத்தைப் பற்றிய வினாக்களைக் கழகத்தார் விலக்கி வைத்தனர். ஈயைப் பற்றிக் கேட்கலாம்; கடவுளைப் பற்றிக் கேட்கலாகாது! சுதந்திரத்துக்காகப் போர்புரிந்த நாட்டிலும் கேள்விக்கு ஒரு வேலி இருந்தது.

பிறர் வேலியைக் கண்டு நகைக்குமுன், அன்பர்களே, நம் வீட்டைப் பார்ப்போம். குழந்தை "ஏன்?" என்று கேட்டால், "பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே" என்று அதட்டாத தாய் தந்தையர் நம்முள் எத்தனை பேர்? விடை தெரியாவிடின் "தெரியாது, இருவரும் தேடுவோம்" என்று கூறுவதில் நாணமென்ன? சாதியும் மூடவழக்கமும் நம்மிடையே நெடுங்காலம் நிலைத்தது, அவற்றிற்குத் தக்க விடை இருந்ததாலன்று, கேட்பாரில்லாமையாலேயே. ஆதலின், இன்றிரவு உங்கள் குழந்தை கேட்கும் முதற்கேள்வியைத் தடுக்காதீர்கள்.